சம்பந்தி குளிர வைத்த கார்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை நீ சௌம்யாவுக்கு வாசித்துக் காட்டலாம். உன் அம்மா எப்படியும் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்துவிடுவாள். சௌம்யாவின் அப்பாவுக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதில் சில வரிகள் அவருக்கு மனவருத்தம் தரும். வேறு சில வரிகள் அவருக்கு அளவுக்கு மிஞ்சிய சந்தோஷம் தரும். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

இன்னும் சில நாட்களில் சௌம்யாவுக்குப் பிள்ளை பிறக்கும், நீ அப்பாவாகப் போகிறாய். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் பையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று என்று அம்மா சொன்னாள். இனி எல்லாரும் உனக்குப் புத்தி சொல்வார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் சொல்வார்கள். ஒருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஒருநாள் உன் பிள்ளை வேறு யாரோ ஒருவரோடு நின்று, உன்னோடு ஒருபோதும் சிரிக்காத ஒரு சிரிப்பைச் சிரிக்கும். அதை நீ தூரத்தில் நின்று பார்ப்பாய். உனக்குள் எரியும். அதற்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது, பொறாமைதான். இந்தக் கோடை முழுவதும் நான் அதோடுதான் இருந்தேன். அது எப்படி வந்தது, என்னை வைத்து என்ன செய்தது என்று எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ அதைக் காரின் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் பார்த்த பக்கம் வேறு.

அந்தக் கார் என்னுடையது. நீ கலியாணம் முடித்துப் போனபோது உனக்குத் தந்தேன் என்பது உண்மைதான், ஆனாலும் மனதுக்குள் அது இன்னும் என்னுடையதுதான். வால்தம்ஸ்டோவில் கடை போட்ட காலத்தில் வாங்கியது. விடியப்புறம் மொத்தச் சந்தைக்குப் போய் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் ஏற்றி வருவேன். கருவாட்டுப் பெட்டி ஒருமுறை உள்ளே உடைந்த பிறகு அந்த மணம் அதன் கூரைத் துணியை விட்டுப் போகவேயில்லை. எந்த கியரில் என்ன முனகல் முனகும், எந்தப் பள்ளத்தில் பின்கதவு கிடுகிடுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏசி மட்டும் இடையில் நின்றுபோனது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பொத்தானுக்கு மேல் கடையின் விலைச் சிட்டை ஒன்றை ஒட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினேன். லண்டனில் எத்தனை நாள்தான் வெயில் என்று நினைத்தேன்.

இந்த வருடம் வெயில் என்னைப் பொய்யன் ஆக்கியது. சௌம்யாவுக்கு மாதம் ஏற ஏறக் கால்கள் வீங்கின. நோர்த் சர்க்குலர் வீதியில் வாகனங்கள் அசையாமல் நின்ற ஒரு மத்தியானம் அவளுக்குத் தலைசுற்றி, நீ ஓரமாக நிறுத்தி, போத்தல் தண்ணீரை அவள் முகத்தில் தெளித்தாய். அன்று பின்னேரம் நீ முதலில் எனக்குத்தான் போன் எடுத்தாய். அதை நான் மறக்கவில்லை. "அப்பா, கார் அடுப்பு மாதிரி இருக்கு. ஏசிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டாய். "அது சரிவராது. கண்ணாடியை இறக்கிவிடு. நாங்கள் அப்பிடித்தானே ஓடினனாங்கள்," என்றேன். "சரி அப்பா," என்று வைத்துவிட்டாய். அடுத்து என் காதில் விழுந்தது அம்மாவின் குரல். "கேட்டீங்களே, சம்பந்தி ஏசி திருத்திக் குடுக்கப் போறாராம்."

அவரைப் பற்றி நியாயமாக எழுதப் பார்க்கிறேன். கோயம்புத்தூரில் படித்து, இங்கே பெரிய குளிரறைகளைக் கவனிக்கும் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏசிக்குள் போகும் காஸை இந்த நாட்டில் கண்டவர்களும் தொட முடியாது, அதற்குச் சான்றிதழ் வேண்டும். அவரிடம் இருக்கிறது. ஹரோவில் அவருடைய வீட்டு முற்றத்தில் இரண்டு கார் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு கார் நிறுத்துவதற்கே சுற்றிச் சுற்றி வர வேண்டும். காருக்கு அடியில் படுத்து எழும்பினாலும் அவருடைய சேட்டு கசங்குவதில்லை. சத்தமாகச் சிரிப்பார். எங்களைக் கண்டால் வாசலுக்கே வந்து, "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்பார். அந்த மனிதனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க நான் கனநாள் முயன்றேன். கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல்.

முதல் சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். "அப்பா, வாறீங்களா? மாமா இண்டைக்கு ஏசியைத் திறந்து பாக்கப் போறார்." முழங்கால் நோகிறது என்றேன். போனை வைத்துவிட்டு, சந்தைத் தெரு முழுவதையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, எதுவும் வாங்காமல் திரும்பி வந்தேன். அன்று பின்னேரம் நீ படம் அனுப்பினாய். காரின் முன்மூடி திறந்திருக்க, நீயும் அவரும் கறுத்த கைகளோடு கன்னத்தோடு கன்னம் வைத்து நிற்கிறீர்கள். நீ வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். உன் அம்மா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பாருங்கோ, எங்கட பிள்ளை எவ்வளவு சந்தோஷமா நிக்கிறான் எண்டு." "எனக்குப் பசிக்குது," என்றேன்.

அந்த எரிச்சல் எனக்குப் புதிதல்ல. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் சிநேகிதனின் தகப்பன் உங்கள் இருவரையும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போவார். நான் கடையில் நிற்பேன். நீ ஈரத் தலையோடு கடைக்குள் ஓடி வந்து, அந்த மனிதன் எப்படித் தண்ணீரில் விசிலடிப்பார் என்று நடித்துக் காட்டுவாய். நானும் சிரித்துக்கொண்டே வெங்காய மூட்டையை அவிழ்ப்பேன். அந்த விசிலை நான் தனியாக அடித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வரவில்லை.

கார் குளிர்ந்த அன்று அதைக் காட்டுவதற்கென்றே வால்தம்ஸ்டோவுக்கு வந்தாய். அம்மா முன் இருக்கையில் ஏறி, காற்று வரும் துவாரத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கண்ணை மூடினாள். "ஐயோ, என்ன சுகம்! இவ்வளவு காலமும் இந்த மனிசன் எங்களை வேக வைச்சுக்கொண்டெல்லோ திரிஞ்சிருக்கு," என்றாள். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் கையை நீட்டிப் பார்த்தேன். நல்ல குளிர். அந்த வண்டியோடு நான் எத்தனை விடியல்களைக் கழித்திருப்பேன்! இத்தனை வருடமாக எனக்குத் தராமல் வைத்திருந்த காற்றை அது இன்னொரு மனிதனின் கைபட்டுத் தந்துகொண்டிருந்தது. "எத்தனை நாளைக்கு நிக்குதெண்டு பாப்பம்," என்று மட்டும் சொன்னேன்.

நிற்கவில்லை. ஒரு கிழமைக்குள் காற்று மறுபடி வெப்பமாகிவிட்டது. காஸ் எங்கேயோ கசிகிறது என்று அம்மா வந்து சொன்னபோது, நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். வெளியே வந்து அம்மாவுக்கு நானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். சௌம்யாவின் கால்கள் வீங்கித்தான் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இருக்கவில்லை. பொறாமை அப்படித்தான் தம்பி. வேறு ஒருவரையும் நினைக்க விடாது.

அந்தச் சனிக்கிழமை எங்களையும் ஹரோவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டு, கையில் மோர் தந்தார்கள். சம்பந்தி கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் வெறும் நைட்ரஜனை ஏற்றி, அழுத்தமானியைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசி மெல்ல எறங்குது சம்பந்தி. எங்கியோ ஓட்டை இருக்கு. எல்லா மூட்டுலயும் சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்துட்டேன், ஒரு நுரை கூட வரல," என்று கவலைப்பட்டார். பிறகு உன் பக்கம் திரும்பி, "மாப்ளை, இந்த ஏசி எப்பப் போச்சு? வண்டி எங்கியாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார். நீ சற்று யோசித்தாய். "எனக்குத் தெரியாது மாமா. ஆரம்பத்தில இருந்தே வேலை செய்யேல்லை எண்டு நினைக்கிறன்," என்றாய்.

நான் உனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். நீ திரும்பவில்லை.

எனக்குத் தெரியும். நீ மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தபோது, பனி உறைந்த ஒரு காலை, சந்தையிலிருந்து வரும் வழியில் கார் வழுக்கி ஒரு கம்பத்தில் இடப்பக்கமாக மோதியது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் வேறு ஒரு பழைய காரிலிருந்து எடுத்த ஏசிக் குழாய்த் துண்டை அந்த இடத்தில் பொருத்தி, அது அடிபடாமல் இருக்க மேலே ஒரு தகட்டையும் முடுக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏசி போனது. அந்தத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டு இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் தெரியாது.

"எங்க ஓட்டை எண்டு எனக்குத் தெரியும்," என்றேன்.

இருவரும் திரும்பினீர்கள். "எங்க அப்பா?" என்று நீ ஆவலோடு கேட்டாய்.

"சொல்ல மாட்டன்."

வாசலில் நின்ற சௌம்யா பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். "மாமா, விளையாடாதீங்க."

"விளையாடேல்லைப் பிள்ளை."

அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?" உன் முகம் சிவந்துவிட்டது. "அப்பா, இது சௌம்யாவுக்காக எல்லோ செய்யிறம்," என்றாய். நான் மோரைக் கீழே வைத்துவிட்டு எழும்பினேன். "இது என்ர கார். இவ்வளவு காலமும் நான் ஓடின கார். உங்களில ஒருத்தராவது என்னட்டை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சம்பந்தி சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த ஸ்பானர் சாவியைத் துணியில் வைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நியாயந்தான். மொதல்ல உங்களத்தான் கேட்டிருக்கணும். எனக்குத் தோணல, மன்னிச்சுக்கங்க," என்றார். "நீங்களும் மாப்ளையும் பாருங்க சம்பந்தி. நான் உள்ள போய் ஒரு டீ குடிக்கிறேன்." அம்மாவையும் சௌம்யாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அதில் நின்று என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ காரில் சாய்ந்துகொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றாய். "நான் கூப்பிட்டனான் அப்பா. முதல் சனிக்கிழமையே கூப்பிட்டனான்."

"ஓம். கூப்பிட்டனி. ஒருக்காத்தான் கூப்பிட்டனி."

"முழங்கால் நோ எண்டு சொன்னீங்கள்."

"நோகேல்லை."

"தெரியும். சந்தைக்கு நடந்து போனீங்கள் எண்டு அம்மா சொன்னவா."

"தெரிஞ்சும் ஏன் திரும்பக் கூப்பிடேல்லை?"

நீ அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. "நீங்கள் ஒருக்கா மாட்டன் எண்டால் அதோட கதை முடிஞ்சுது அப்பா. சின்னனிலேயே எனக்கு அது பழகிப்போச்சு. ஏன் திரும்பக் கேட்டு உங்களைக் கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டிட்டன்."

இரண்டாவது அழைப்புக்காக நான் கோடை முழுவதும் காத்திருந்தேன். இரண்டாவது அழைப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதையே நான் உனக்குக் காட்டாமல் வளர்த்திருக்கிறேன். அதை அந்த முற்றத்தில் நின்றுதான் கண்டுகொண்டேன். உன்னிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இடப்பக்க லைற்றுக்குப் பின்னால ஒரு தகடு இருக்கு. அதைக் கழட்டு," என்றேன்.

கழற்ற முடியவில்லை. திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. நீ திருகினாய், நான் திருகினேன், தலை தேய்ந்து வழுக்கியது. என் விரலில் தோல் உரிந்தது. கடைசியில் நான்தான் உள்ளே போனேன். குசினி மேசையில் சம்பந்தி தேநீரைத் தொடாமல் ஆறவிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌம்யா ஒரு பெரிய பாத்திரத்துக் குளிர்ந்த தண்ணீருக்குள் கால்களை வைத்திருந்தாள். அந்தக் கால்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு வெட்கப்படாமல் இருக்க முடியவில்லை.

"சம்பந்தி, வாங்கோ. தகடு கழருதில்லை. எங்களுக்கு ஏலாது."

"நான் வரலாங்களா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"கூப்பிடத்தானே வந்தனான்."

அவர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. துளைகருவியால் திருகாணிகளின் தலையை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தார். தகடு விழுந்தது. பின்னால் இருந்த மூட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. சோப்புத் தண்ணீரை அடித்ததும் ஜவ்வரிசி வேகிற மாதிரி நுரை பொங்கி வந்தது. "அடேங்கப்பா!" என்று கத்தி அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். என் வெள்ளைச் சேட்டில் ஐந்து விரலும் பதிந்தன. நீ சிரித்தாய், அந்தப் படத்தில் சிரித்த அதே சிரிப்பு. அதில் எனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று நான் அளந்து பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

புதுக் குழாய் செய்து பூட்டிய அன்று நான் ஒருவரும் கூப்பிடாமலே வந்தேன். காஸ் ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டுமாம், அதற்கு நேரம் எடுக்குமாம். பம்ப் உறுமிக்கொண்டிருக்க, நாங்கள் மூவரும் முற்றத்தில் இருந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். அவர் மொத்தச் சந்தையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டேயிருந்தார். எந்த முருங்கைக்காய் முற்றல், எது பிஞ்சு என்று முறித்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் சொல்ல, வாயைத் திறந்தபடி கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பிடித்ததை நினைக்க எரிச்சலாகவும் இருந்தது.

அன்றிலிருந்து காஸ் கசியாமல் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அடுத்த தடவை நீங்கள் வால்தம்ஸ்டோவுக்கு வந்தபோது சௌம்யா காரை விட்டு இறங்கவேயில்லை. "மாமா, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கேனே," என்றாள். நான் வடையைத் தட்டில் வைத்துக் கார் கண்ணாடிக்குள்ளால் நீட்டினேன். "தேங்க்ஸ் மாமா. நீங்க சொல்லலைன்னா அப்பா கண்டுபிடிச்சிருக்கவே மாட்டாரு," என்றாள். "இல்லைப் பிள்ளை, செய்தது உன்ர அப்பாதான்," என்றேன். அந்த வசனத்தை வெளியே தள்ள எனக்கு நிறையச் சக்தி செலவானது. நீ பார்த்திருப்பாய், உடனேயே இன்னொரு வடை எடுக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன்.

இதை வாசித்துவிட்டு அப்பா திருந்திவிட்டார் என்று நினைக்காதே. போன கிழமை அவர் தொட்டிலை வாங்கி வந்து தானே பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டு, அன்று பின்னேரம் முழுவதும் நான் உன் அம்மாவோடு பேசவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்? பிள்ளைக்கு அவருடைய மூக்கு வந்துவிடுமோ என்றுகூட யோசித்திருக்கிறேன். பொறாமை போகாது என்றுதான் நினைக்கிறேன். அது வரும்போது என்ன செய்யலாம் என்பதில் மட்டும் கொஞ்சம் படித்திருக்கிறேன். நோகாத முழங்காலைச் சாட்டாக வைத்துக்கொண்டு வீட்டில் இருக்காதே. எரிந்துகொண்டே போ. போய்ப் பக்கத்தில் நில். உன் பிள்ளை வளர்ந்து, நீ கூப்பிடும்போது வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால் அதோடு விட்டுவிடாதே. திரும்பக் கூப்பிடு. அதற்கும் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடு. வெட்கம் பார்க்காதே. நான் பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு பக்கம் எழுத வேண்டி வந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வைத்தியசாலையில் அந்த நேரம் உனக்குக் கை கால் ஓடாது. யாருக்கு முதலில் சொல்வது என்று தடுமாறுவாய். சம்பந்தியின் வீடு பக்கத்தில்தான், அவர் அநேகமாக வாசலிலேயே நிற்பார், தெரியும். பரவாயில்லை, நிற்கட்டும். ஆனால் அவர் சௌம்யாவின் அப்பா. அவருக்கு அவள் சொல்லட்டும்.

எனக்கு நீ சொல்.

அப்பா